பெரிய நெகடிவ்களைக் காத்தல்

புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விந்தையான முயற்சிதான். படத்தைக் காட்டாமலே படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் காதினாலேயே காண வேண்டும். எனினும் துணிந்து அம்முயற்சியில் இறங்குகிறேன். வீட்டுப் பரணிலும், பழைய தகரப் பெட்டியிலும், மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் பின்கட்டிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பெரிய அளவு நெகடிவ்களே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அவற்றை ஏன் விரைந்து காக்க வேண்டும், வீட்டிலேயே டிஜிட்டல் படங்களாக மாற்றுவது எவ்வாறு என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை காண்போம்.

உங்களில் பலர் நெகடிவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒளி ஊடுருவும் ஒரு தாளின் மேல், ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பைப் பூசியிருப்பார்கள். ஒளி பட்ட இடத்தில், மருந்தில் கழுவிய பின், நுண்ணிய வெள்ளித்துகள் கறுப்பாகப் படியும். ஆகவே வெள்ளை வேட்டி அதில் கறுத்துத் தோன்றும். கருங்கூந்தல் வெளுத்துத் தோன்றும். இந்த மாறுபட்ட படத்தைத் தாளின் மேல் வைத்து மீண்டும் ஒளி பாய்ச்சினால் நேரான படம் கிடைக்கும். தாளில் அச்சிட்டது நகல். நெகடிவே மூலம் என்பதை மறவாதீர்கள்.

பிற்காலத்தில் பெருவழக்காய் இருந்த 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். ஸ்டூடியோக்காரர்கள் ஆண்டதோ ‘ஆப் பிளேட்’, ‘புல் பிளேட்’ என்னும் பெரிய அளவுகள். ஆப் பிளேட் 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். புல் பிளேட் 6½ அங்குலத்துக்கு 8½ அங்குலம். பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறிய பிலிமைப் போல ஆப் பிளேட் ஏறக்குறைய 23 மடங்கு. புல் பிளேட் 41 மடங்கு. இத்துணைப் பெரிய பரப்பு எதற்கு? நெகடிவைத் தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் அச்சிடலாம் என்பது ஒரு காரணம். கூரிய பென்சிலால் நெகடிவின் மேலேயே முகத்தின் தழும்புகளையும் சுருக்கங்களையும் திருத்துவதற்கு இடம் வேண்டும் என்பது மற்றொரு காரணம். அந்நாளில் ‘ரீடச்சிங்’ என்பது ஒரு தனிக் கைத்தொழிலாகவே விளங்கிற்று.

இனி, விரைவு எதற்கு என்னும் வினாவுக்கு வருவோம். கண்ணாடித் தகட்டில் எடுத்த படம் கீழே விழுந்தால் உடையும். ஆனால் கண்ணாடி தானாக அழிவதில்லை. பிலிமின் செய்தி வேறு. அதன் உடலே நாளடைவில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளக் கூடியது.

முதலில் வந்தது நைட்ரேட் பிலிம். பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் பொருள் அது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவினன். எரியத் தொடங்கிவிட்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும். நீரூற்றி அணைப்பது அரிது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1929 மே 15-ஆம் நாள், அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே பிலிம்கள் தீப்பற்றின. தீயினும் கொடியதாய் எழுந்தது நச்சுப்புகை. 123 பேர் மாண்டனர். நம் நாட்டில் புனேயில் 2003 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குரிய பழைய நைட்ரேட் படச்சுருள்கள் பல அழிந்தன. தாள் பிலிம்களில் நைட்ரேட்டைப் பயன்படுத்துவதைக் கோடக் நிறுவனம் 1939-இல் கைவிட்டது. சினிமாச் சுருள்களில் அது 1951 வரை நீடித்தது.

நைட்ரேட்டுக்கு மாற்றாக வந்தது அசிடேட் பிலிம். தீ எளிதில் பற்றாதாகையால் அதற்குப் ‘பாதுகாப்புப் பிலிம்’ என்றே பெயர். அதற்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிறிது சிறிதாகச் சிதைந்து, அசிடிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரின் புளித்த நெடி வீசுவது அதனால்தான். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். ஒரு பெட்டியில் ஒன்று கெட்டால் அதன் ஆவி அடுத்ததையும் தாக்கும். பிலிமின் உடல் சுருங்கும்; மேலேயுள்ள ஜெலட்டின் சுருங்காது; ஆகவே அது குழாய் குழாயாக எழும்பி நிற்கும். 1948-இல் அறிமுகமான டிரை அசிடேட் பிலிமில் இந்நோய் தோன்றியதாக, அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே கோடக் நிறுவனத்துக்கு முதன்முதலாகத் தெரிவித்தது இந்திய அரசாங்கம் என்பர். நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. குளிர்நாட்டில் பேரன் காலத்தில் வரும் கேடு, நம் நாட்டில் மகன் காலத்திலேயே வந்துவிடுகிறது.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் உங்கள் முதல் வேலை பிரித்தறிதல். பிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது அசிடேட் அல்லது அதற்குப் பின் வந்த பாலியெஸ்டர். ‘நைட்ரேட்’ என்று பொறித்திருந்தாலும், எழுத்து ஒன்றும் இல்லாமல் பழுப்பேறி, பிசுபிசுத்து, காரமான நெடி வீசினாலும், அதைத் தனியே எடுத்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆவணக் காப்பகத்தாரின் உதவியை நாடுங்கள். அதை ஸ்கேனரின் விளக்கடியில் வைக்க வேண்டா. காற்றுப் புகாத டப்பியில் அடைக்கவும் வேண்டா. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கவே வேண்டா.

மற்றவற்றை நாம் வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம். மருந்துப் பூச்சுள்ள பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளபளக்கும். ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். ரப்பர்க் குமிழால் காற்றடித்துத் தூசியை நீக்குங்கள். மிக மெல்லிய தூரிகையும் ஆகும். நீர் பட விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த ஜெலட்டின் நீரில் கரையக் கூடியது. தூசியைத் துடைக்கப் போய் முகத்தையே துடைத்துவிட நேரும்.

இனிக் கருவியைப் பற்றிப் பேசுவோம். கடிதங்களையும் சான்றிதழ்களையும் படியெடுக்கும் சாதாரண ஸ்கேனர் நெகடிவுக்கு உதவாது. தாளின் மேல் ஒளி பட்டுத் திரும்புவதை அது பார்க்கிறது. நெகடிவிலோ ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். ஆகையால் மூடியிலும் ஒரு விளக்கு அமைந்த ஸ்கேனர் தேவை. இத்தகைய ஸ்கேனர்களுள் விலை மிகுந்தவற்றில் மூடியின் விளக்கு 8-க்கு 10 அங்குலப் பரப்பு முழுவதையும் ஒளிரச் செய்யும். விலை குறைந்தவற்றிலோ நடுவே ஏறத்தாழ 2¾ அங்குல அகலமுள்ள ஒரு பட்டைக்கு மட்டுமே ஒளி கிடைக்கும். பெரிய நெகடிவை வைத்திருப்பவருக்கு வரும் இடர் இதுவே. யானையை ஓட்டு வீட்டு வாயிலில் நுழைக்க முயல்வது போல!

இவ்விடரைக் கடக்க வழி உண்டு. பகுதி பகுதியாகப் படியெடுத்து இணைப்பதே அவ்வழி. புல் பிளேட் நெகடிவின் நீளமான 8½ அங்குலத்தைப் பட்டையின் நீளவாக்கில் வைத்தால் அது அடங்கிவிடும். அகலம் 6½ அங்குலம். ஒவ்வொரு முறையும் 2 அங்குலம் நகர்த்தி மூன்று முறை படியெடுத்தால், முக்கால் அங்குலம் போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, முழு அகலமும் கிடைத்துவிடும். கவிந்து நிற்கும் அந்தப் பகுதியே இணைப்புக்கு உயிர். ஒரே பொத்தானும் ஒரே கண்ணும் இரு துண்டுகளிலும் இருந்தால்தான் கணிப்பொறி இரண்டையும் பொருத்திப் பார்க்க இயலும். ‘ஹியூகின்’ போன்ற மென்பொருள்கள் இவ்வேலையைச் செய்கின்றன. அதற்கு விலை ஏதும் இல்லை.

இம்முறை புதியதென்று எண்ணிவிடாதீர்கள். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை ஒரே படமாகக் காட்ட விரும்பினார். அவர் இதற்கு ஆண்ட நெகடிவ் காகிதத்தாலானது. 21 நெகடிவ்களில் பகுதி பகுதியாக எடுத்து, அச்சிட்டு, அவற்றை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள படமாக அமைத்தார். அவர் பசையால் ஒட்டினார். நாம் கணக்கால் ஒட்டுகிறோம். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒளியில், ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எடுக்கப்பட வேண்டும் என்னும் விதி இருவருக்கும் பொதுவானது.

அந்த விதியைக் கடைப்பிடிக்க மூன்று செய்திகளை மனத்தில் இருத்துங்கள். முதலாவது, ஸ்கேனர் தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஒரு துண்டு வெளுத்தும் ஒரு துண்டு கறுத்தும் வந்து, இணைப்பு நெற்றியில் தழும்பு போலத் தெரியும். இரண்டாவது, ஒளிப்பட்டையின் தலைப்பில் ஸ்கேனர் தன் விளக்கை அளந்துகொள்ளும் ஒரு வெற்றிடம் இருக்கும். நெகடிவின் ஓரம் அதை மறைத்தால் படம் நெடுகக் கோடுகள் விழும். மூன்றாவது, பளபளப்பான பக்கம் கண்ணாடியோடு ஒட்டினால், மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயின் மேல் தோன்றுமே, அதுபோன்ற வளையங்கள் படத்தில் தோன்றும். இரண்டு பரப்புகளுக்கிடையே அகப்பட்ட மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் செய்யும் விளையாட்டு அது. நியூட்டன் வளையங்கள் என்று உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மங்கலான மருந்துப் பக்கத்தைக் கண்ணாடியின் மேல் மெல்ல வைத்தால் வளையம் வராது. நகர்த்தும்போது தேய்க்காமல் தூக்கி வைக்க வேண்டும். படம் இடவலம் மாறியிருந்தால் பின்னர்க் கணிப்பொறியில் திருப்பிக்கொள்ளலாம்.

எத்துணை நுட்பமாகப் படியெடுப்பது? இதுவும் ஒரு கணக்கே. அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் புல் பிளேட்டைப் படியெடுத்தால் 7,800-க்கு 10,200, அதாவது ஏறக்குறைய 8 கோடிப் புள்ளிகள். 2,400 வீதம் என்றால் ஏறக்குறைய 32 கோடி. ஒரு புள்ளிக்கு 16 பிட் வீதம் சேமித்தால், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது 640 மெகாபைட் அளவில் நிற்கும். கருவியின் பெட்டியின் மேல் இதனினும் பெரிய எண்களை அச்சிட்டிருப்பார்கள். அவ்வெண் வேறு, லென்சுக்கு உண்மையில் எட்டும் நுண்மை வேறு. 2,400-க்கு மேல் போனால் பெரும்பாலும் கோப்புதான் பருக்கும், விவரம் கூடாது. நெகடிவே பெரிதாகையால் நமக்கு அந்த அளவே தாராளம்.

ஸ்கேனர் இல்லாதவர் என் செய்வது? காமிராவால் நெகடிவைப் படமெடுக்கலாம். எல்.இ.டி. விளக்குப் பலகையின் மேல், ஒன்றிரண்டு அங்குல உயரத்தில் பால்நிற அக்ரிலிக் தகடொன்றைத் தாங்கி, அதன் மேல் நெகடிவை வையுங்கள். சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்து, அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள். காமிராவைத் தாங்கியில் பொருத்தி நேர்கீழே நோக்கச் செய்யுங்கள். அது சரியாக நேர்கீழே நோக்குகிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. நெகடிவ் இருக்கும் இடத்தில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை வையுங்கள். காமிராவின் வழியே பார்த்தால் அதன் லென்சே கண்ணாடியில் தெரியும். அந்த லென்சு காட்சியின் நட்ட நடுவில் நின்றால், காமிராவும் நெகடிவும் ஒருபோக்காக உள்ளன என்று பொருள். 6,000-க்கு 4,000 புள்ளிகள் உள்ள காமிராவில் புல் பிளேட் முழுவதையும் ஒரே முறை எடுத்தால், அங்குலத்துக்கு 600 புள்ளிகளே கிடைக்கும். ஆகவே இங்கும் பல துண்டுகளாக எடுத்து இணைப்பதே நலம். காமிராவை அசைக்காமல் நெகடிவை மட்டும் நகர்த்த வேண்டும்.

கிடைத்த படத்தைக் கணிப்பொறியில் தலைகீழாக்கினால் கறுப்பு வெளுப்பாகும், வெளுப்புக் கறுப்பாகும். அப்போது முகங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும் இன்பத்தைச் சொல்லால் விளக்க இயலாது; நீங்களே செய்து பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. தலைகீழாக்காத முதற்படியை ‘டிஃப்’ கோப்பாக அப்படியே சேமித்து வையுங்கள். கீறலை நீக்குவதும், ஒளியைக் கூட்டுவதும், சிறு ‘ஜேபெக்’ படமாக உறவினருக்கு அனுப்புவதும் எல்லாம் நகலில் நடக்கட்டும். ரீடச்சிங் கலைஞர் போட்ட பென்சில் கோட்டையும், ஓரத்தில் ஸ்டூடியோக்காரர் கீறிய எண்ணையும் குறை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அவையும் வரலாறே.

இத்துணை நுட்பம் எதற்கு, ஏதோ தெரிந்தால் போதாதா என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, உரிமையாளரின் மகன் ஒரு தகரப் பெட்டி நிறைய நெகடிவ்களை என்னிடம் ஒப்படைத்தார். மூடியைத் திறந்தவுடன் வினிகர் நெடி எழுந்தது. அவற்றுள் ஒரு புல் பிளேட் நெகடிவ், பள்ளிக்கூட வகுப்பு ஒன்றின் குழுப்படம். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் மடியில் சிலேட்டைப் பிடித்திருந்தான். ஆறாம் வகுப்பு, 1961–62 என்று அதில் எழுதியிருந்தது. ஓரங்களில் மருந்துப் பூச்சு எழும்பத் தொடங்கிவிட்டது; முகங்களை அது இன்னும் எட்டவில்லை. முகம் ஒன்று ஒரு துவரம்பருப்பின் அளவே, அதாவது அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2,400 வீதம் மூன்று துண்டுகளாகப் படியெடுத்து இணைத்தேன். துவரம்பருப்பு 480 புள்ளி உயரமுள்ள முகமாயிற்று.

எங்கள் தெருவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அப்பள்ளியில் பயின்றவர். அவரை அழைத்து வந்து திரையில் ஒவ்வொரு வரிசையாகக் காட்டினேன். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவனிடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அச்சிறுவனின் சட்டையில் மேற்பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓர் ஊக்குத் தெரிந்தது. “தம்பி, அது எங்கள் அண்ணன். அன்று காலையில் பொத்தான் அறுந்துவிட்டது. அம்மா தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தி அனுப்பினார்கள்” என்றார். அதற்கு அடுத்த ஆண்டு காய்ச்சலில் அந்த அண்ணன் இறந்துவிட்டாராம். குழுப்படத்தை விலை கொடுத்து வாங்க அக்குடும்பத்துக்கு இயலவில்லை. வேறு படமும் எடுத்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அண்ணனின் முகம் அவர் நினைவில் மட்டுமே இருந்தது.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அம்மா இதைப் பார்க்காமல் போய்விட்டார்கள்” என்று மட்டும் சொன்னார். அதன்பின் மற்றவர்களையும் உற்றுப் பார்த்து, 11 பேருக்குப் பெயர் சொன்னார். எஞ்சியவர்களின் பெயரை அறிந்தவர் இன்னும் எங்கேனும் இருக்கலாம். அவர்களை நாம் எத்தனை ஆண்டுக்குள் தேடிக் காண்போம் என்பதே கேள்வி. நெகடிவ் அழிவதற்கு ஒரு வேகம் உண்டு. நினைவு அழிவதற்கும் ஒரு வேகம் உண்டு. இரண்டில் எது முந்தும் என்பது தெரியாது.

ஆகையால் படியெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, இதைச் சொன்னவர் யார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கோப்புகளை மூன்று படிகளாக வையுங்கள். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒரு படி வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். டிஜிட்டல் படம் அழியாதது என்பது பொய். ஒரு தட்டு பழுதானால் ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். ஆதலின் படியெடுத்த பின் நெகடிவைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அமிலமற்ற காகித உறையில் தனித்தனியே இட்டு, நெடி வீசுவனவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். பரண் கோடையில் அடுப்பாகிவிடும். அங்கே மட்டும் வைக்க வேண்டா. நாளை இதனினும் சிறந்த கருவி வரும். அன்று மூலம் கையில் இருந்தால்தான் அதனால் பயன் உண்டு.

மாணவ நண்பர்களே, கணிப்பொறியைக் கையாள்வதில் நீங்கள் எங்களைவிட வல்லவர்கள். பெரியவர்களிடம் இருப்பதோ பெயர்களும் நினைவுகளும். இவ்விரண்டும் ஒரே மேசையில் கூடினால்தான் இக்காரியம் நிறைவேறும். அடுத்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ, பழைய நெகடிவ்கள் எங்கேனும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெட்டி கிடைத்தால் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி வீசினால், அடுத்த விடுமுறைக்கென்று ஒத்திப்போடாமல் அன்றே வேலையைத் தொடங்குங்கள்.